மாமியார் வீட்டுக் கூரையும் வட்டார வீட்டுவசதி அறநிதியும்: அயோவாவுக்குப் புதிதாக வந்த சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் வழியாகப் பச்சை அட்டை பெற்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிழக்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்துக்கு வந்து, மாமியாரின் பழைய வீட்டில் குடியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். கூரை ஒழுகுகிறது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுமா என்பது ஐயம், பக்கத்து வீட்டுப் பெண்மணி "ஹவுசிங் டிரஸ்ட் ஃபண்டில் கேட்டுப் பாருங்கள்" என்கிறார். தமிழில் வீட்டுவசதி அறநிதி எனலாம். அது அரசா, தருமமா, கடனா, வாங்கினால் வீடு கைவிட்டுப் போய்விடுமா, உங்கள் குடியுரிமைக்குக் குந்தகம் வருமா, பின்னாளில் தனிக்குடித்தனம் போகும்போது அதனால் பயன் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். இந்த மாநிலத்தில் நெடுங்காலமாக வாழ்ந்து, நம்மவர் சிலருக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பவும் உதவியிருப்பதால், தெரிந்தவரை முழுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால் பாதி அச்சம் போய்விடும். அயோவா சட்டமன்றம் 2003-இல் மாநில வீட்டுவசதி அறநிதியை உருவாக்கியது. அயோவா ஃபைனான்ஸ் அத்தாரிட்டி என்ற மாநில நிறுவனம் அதை நிர்வகிக்கிறது. இங்கே வீடோ நிலமோ விற்கப்படும்போது ஆயிரம் டாலருக்கு 1.60 டாலர் வீதம் பரிமாற்ற வரி கட்டப்படுகிறது. அதில் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவின்) பங்கு போக மாநிலத்துக்குச் சேரும் தொகையில் 30 விழுக்காடு, ஓர் ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டு, இந்த நிதிக்குப் போகிறது. முன்பு 30 லட்சம் டாலராக இருந்த அந்த வரம்பை 2021-இல் 70 லட்சமாக உயர்த்தினார்கள். ஆகவே இது யாரோ ஒருவர் மனம் இரங்கிப் போடும் காசு அல்ல. வீட்டுச் சந்தையில் புழங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, அந்தச் சந்தையில் நுழையவோ நிலைக்கவோ முடியாதவர்களுக்கென்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் புதிதாகக் கெஞ்சி வாங்காமல், தனக்கென்று நிலையான வரவு ஒன்றை வைத்திருப்பதுதான் அறநிதி என்ற அமைப்பின் உயிர்நாடி.

மாநிலம் இந்தப் பணத்தில் பெரும்பகுதியை நேரடியாக மக்களுக்குத் தருவதில்லை. வட்டார அறநிதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அயோவாவின் 99 கவுண்டிகளுக்கும் இருபதுக்கும் மேற்பட்ட இத்தகைய அமைப்புகள் பொறுப்பேற்றிருக்கின்றன. லின் கவுண்டி, ஜான்சன் கவுண்டி, போல்க் கவுண்டி போன்ற பெரிய கவுண்டிகளுக்குத் தனித்தனி அறநிதி உண்டு. மக்கள்தொகை குறைந்த கவுண்டிகள் நான்கைந்து சேர்ந்து ஒரே நிதியை வைத்துக்கொள்கின்றன. ஆயிரம் பேர் வசிக்கும் ஓர் ஊர் இதற்கென்று தனி அலுவலரை அமர்த்த முடியாதல்லவா? அதனால் ஊர்களும் கவுண்டிகளும் கூடி அமைத்த வட்டார மன்றங்களே பல இடங்களில் இந்தப் பணியைச் செய்கின்றன. செடார் ராப்பிட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் கிழக்கு மத்திய அயோவா வட்டார மன்றம் அவற்றில் ஒன்று. மாநிலம் தரும் தொகைக்கு ஈடாக, குறைந்தது கால் பங்கையாவது உள்ளூரிலிருந்து வட்டார நிதி திரட்டிக் காட்ட வேண்டும். நகராட்சிகளும் கவுண்டிகளும் வங்கிகளும் கொடையாளர்களும் அதைத் தருகிறார்கள். மாநிலப் பணத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் விதி. ஒவ்வொரு நிதிக்கும் அதன் பகுதிக்கேற்ற முன்னுரிமைகள் உண்டு. உங்கள் தோழி இன்னொரு கவுண்டியில் முன்பணத்துக்கு உதவி பெற்றார் என்பதால் உங்கள் கவுண்டியிலும் அது கிடைக்கும் என்று கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கூரைக்கு வருகிறேன். கிராமப்புறத்தையும் சேர்த்துப் பார்க்கும் நிதிகள் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவே பெரும் தொகையைச் செலவிடுகின்றன. அதுவே சரி என்பது என் உறுதியான கருத்து. புதிதாக ஒரு வீட்டைக் கட்ட ஆகும் செலவில் பத்துப் பழைய வீடுகளுக்குக் கூரை மாற்றிவிடலாம். கூரை போன வீட்டிலிருந்து ஒரு மூதாட்டி வெளியேறினால், அவருக்கு மாற்று வீடு தேட வேண்டியிருக்கும். அந்த வீடும் பாழடைந்து இடிபடும். அந்த ஊரில் எளியவர் வாங்கக்கூடிய வீடு ஒன்று நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஆகவே உங்கள் மாமியார் விண்ணப்பிப்பதில் நாணப்பட எதுவும் இல்லை. கூரை, ஃபர்னஸ், மின்கம்பி, குழாய், அடித்தளம், முதியோருக்கான சாய்தளம் போன்றவை வழக்கமாக ஏற்கப்படும் வேலைகள். அழகுபடுத்தும் வேலைகள் ஏற்கப்படுவதில்லை.

விண்ணப்பத்தில் முதலில் பார்க்கப்படுவது வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது. கவுண்டி மதிப்பீட்டாளரின் இணையப் பக்கத்தில் முகவரியைத் தட்டினாலே உரிமையாளர் பெயரும் வீடு கட்டிய ஆண்டும் வந்துவிடும்; இன்றே பாருங்கள். மாமனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் இங்கேயும் உண்டு. அப்படியிருந்தால் வேறு எதையும் தொடங்குமுன் அதைச் சரிசெய்ய வேண்டும். விண்ணப்பங்கள் பல மாதம் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தவணை ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டிருக்கும் வீடு என்றால், அந்த ஒப்பந்தம் கவுண்டியில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பார்கள். சொத்து வரி பாக்கி இல்லாமலும் வீட்டுக் காப்பீடு நடப்பில் இருக்கவும் வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. காற்றாலோ ஆலங்கட்டியாலோ கூரை சேதமாகியிருந்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் போகச் சொல்வார்கள்.

அடுத்தது வருமானம், இதில் நம் குடும்பங்கள் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், அந்தக் கூரையின் கீழ் வாழும் வயதுவந்தோர் அனைவரின் வருமானமும் சேர்த்தே கணக்கிடப்படும். மாமியாரின் ஓய்வூதியத்தோடு உங்கள் கணவரின் சம்பளமும், நீங்கள் வேலைக்குப் போனால் உங்கள் சம்பளமும் சேரும். உச்சவரம்பு பொதுவாக இடைநிலைக் குடும்ப வருமானத்தில் (குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையில்) 80 விழுக்காடு. மத்திய வீட்டுவசதித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை மாறும். ஆள் கூடினால் வரம்பும் உயரும் என்பதால், கூட்டுக் குடும்பம் என்பதாலேயே தகுதி போய்விடும் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் யாரையும் கணக்கில் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறாக எழுதிய ஒரு வரி, பின்னாளில் குடியுரிமை நேர்காணலில் உங்கள் நன்னடத்தையைப் பற்றிய கேள்வியாக வந்து நிற்கக்கூடும்.

கடனா, கொடையா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்டது. பழுதுபார்க்கத் தரும் தொகை பல நிதிகளில் தள்ளுபடியாகும் கடனாக எழுதப்படுகிறது. வட்டியும் மாதத் தவணையும் இருக்காது. ஆனால் அந்தத் தொகைக்கு வீட்டின் மேல் ஒரு வில்லங்கம் பதிவாகும். உதாரணத்துக்கு 15,000 டாலர் ஐந்தாண்டு நிபந்தனையில் தரப்பட்டு, ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழியும் என்று இருந்தால், மாமியார் ஐந்து ஆண்டுகளும் அங்கேயே வாழ்ந்த பின் கடன் முழுவதும் தீர்ந்து வில்லங்கம் நீக்கப்படும். இரண்டாண்டு முடிந்ததும் விற்றுவிட்டால் 9,000 டாலரைத் திருப்ப வேண்டியிருக்கும். வீடு கைவிட்டுப் போவதற்கான சூழ்ச்சி இதில் ஏதுமில்லை. பொதுப்பணத்தில் கூரை போட்டு மறுமாதமே இலாபத்துக்கு விற்பதைத் தடுக்கும் ஏற்பாடு இது. எனினும் கையெழுத்திடுமுன் மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு, ஆண்டுதோறும் கழியுமா அல்லது கடைசி நாளில்தான் ஒரேயடியாகத் தள்ளுபடியா, அதற்குள் மாமியார் இறந்தாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ என்ன ஆகும். மூன்றாவது கேள்வியை நம்மவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். அபசகுனம் என்று எண்ணாமல் அதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் தொடர்ந்து வாழப்போவது நீங்கள்.

ஒப்புதல் கிடைக்குமுன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்; முன்னதாகச் செய்த செலவை இந்த நிதிகள் பொதுவாக ஈடுசெய்வதில்லை. ஒருவர் வந்து வீட்டைப் பார்வையிடுவார். பிறகு ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கச் சொல்வார்கள். வேலை முடிந்து சரிபார்த்த பின் பணம் பெரும்பாலும் நேரே ஒப்பந்தக்காரருக்குப் போகும். அயோவாவில் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கட்டுமான வேலை செய்பவர் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். வீடு 1978-க்கு முன் கட்டப்பட்டதென்றால் ஈய வண்ணப்பூச்சு இருக்க வாய்ப்புண்டு, அதற்கான பயிற்சிச் சான்று பெற்றவரையே அமர்த்த வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று வீசிய டெரெச்சோ புயல் செடார் ராப்பிட்ஸையும் சுற்றுப்புறங்களையும் சிதைத்துப் போட்டது. அப்படிப்பட்ட புயலுக்குப் பின் வெளியூர்களிலிருந்து வந்து வாசலில் நின்று முன்பணம் கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

நிதி ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவது. தீர்ந்துவிட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். அதனால் வேறு கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். மத்திய வேளாண் துறையின் 504 திட்டம் கிராமப்புறத்தில் மிகக் குறைந்த வருமானமுள்ள வீட்டு உரிமையாளருக்கு 1 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுத் தவணையில், 40,000 டாலர் வரை கடன் தருகிறது. 62 வயது நிரம்பி, கடனைத் திருப்ப இயலாதவர்க்கு 10,000 டாலர் வரை கொடையும் உண்டு. ஃபர்னஸுக்கும், குளிர் புகாமல் தடுக்கும் சுவர்க் காப்புக்கும் வானிலைக் காப்புத் திட்டம் (வெதரைசேஷன்) இருக்கிறது. உங்கள் பகுதியில் அதை ஹாக்கை ஏரியா கம்யூனிட்டி ஆக்‌ஷன் புரோகிராம் என்ற அமைப்பு நடத்துகிறது. கூரையை ஒரு நிதியும் ஃபர்னஸை இன்னொரு திட்டமும் ஏற்கும்படி அமைத்துக்கொள்வது இங்கே இயல்பான நடைமுறைதான்.

தனிக்குடித்தனம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயனாளிகள் பட்டியலில் பெயர் வந்தால் வீடு கிடைக்கும் என்ற திட்டங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது சற்றுப் புதிராகத் தோன்றும். வாடகை வீடுகளைப் பொறுத்தவரை, அறநிதி உங்களுக்குப் பணம் தருவதில்லை, கட்டுபவருக்குத் தருகிறது. குறைந்த வாடகையைக் கொண்டு கட்டடத்தின் முழுக் கடனையும் அடைக்க முடியாது. இத்தகைய வீடுகளுக்கென்று 1986 முதல் இருந்துவரும் மத்திய வரிச்சலுகையும் வங்கிக் கடனும் சேர்ந்த பின்னும் ஒரு பள்ளம் மிஞ்சும். அந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் அறநிதியின் வேலை. அதற்கு ஈடாகப் பல ஆண்டுகளுக்கு வாடகை வரம்பு எழுதி வாங்கப்படும். 2008-இல் சட்டமாகி 2016-இல் முதன்முறையாக மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்ட தேசிய வீட்டுவசதி அறநிதியில் அந்தக் காலம் 30 ஆண்டுகள். ஆகவே நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது அறநிதியிடம் அல்ல, அந்தக் குடியிருப்பின் மேலாளரிடம். எந்தெந்தக் குடியிருப்புகளுக்கு உதவியிருக்கிறார்கள் என்ற பட்டியலை வேண்டுமானால் அறநிதியிடம் கேட்டுப் பெறலாம். அங்கே வாடகை உங்கள் சம்பளத்துக்கேற்பக் குறைந்துகொண்டே போகாது, அந்தப் பிரிவுக்கு நிர்ணயித்த தொகையாகவே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வேலை மாறி வாஷிங்டன் மாநிலம் போக நேர்ந்தாலும் இந்த அமைப்பு அங்கே வேறு வடிவில் இருக்கிறது: பெல்வியூ, ரெட்மண்ட், கிர்க்லாண்ட் உள்ளிட்ட நகரங்களும் கிங் கவுண்டியும் சேர்ந்து 1992-இல் ஆர்ச் என்ற வட்டாரக் கூட்டமைப்பைத் தொடங்கி, தங்கள் பணத்தை ஒரே நிதியில் போட்டு வருகின்றன.

குடியுரிமை பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். ஒருவர் அரசு உதவியை நம்பி வாழ நேருமா என்று பார்க்கும் "அரசுக்குச் சுமை" என்ற சோதனை, நாட்டுக்குள் நுழைய அனுமதியோ பச்சை அட்டையோ கோருபவர்களுக்கு உரியது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு அந்தச் சோதனை இல்லை. பச்சை அட்டை வைத்திருப்பவர் 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் தங்கித் திரும்புவது போன்ற சில சூழல்களில், புதிதாக நுழைபவரைப் போல நடத்தப்படலாம். உங்கள் நிலையில் உதவியைப் பெறுபவர் வீட்டு உரிமையாளரான மாமியார். எனினும் 2019 முதல் இந்த விதிகள் பலமுறை திருத்தப்பட்டு வருவதால், குடும்பத்தில் வேறு யாருக்காவது பச்சை அட்டை மனு நிலுவையில் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தரப்படும் பணம் மத்திய அரசுடையதா மாநிலத்துடையதா என்பதைப் பொறுத்துக் கேட்கப்படும் ஆவணங்கள் மாறும். அதை அலுவலகத்திலேயே கேட்கலாம்.

அயோவா ஃபைனான்ஸ் அத்தாரிட்டியின் இணையப் பக்கத்தில் எந்தக் கவுண்டிக்கு எந்த அறநிதி என்ற விவரம் இருக்கிறது. தொலைபேசியில் அழைத்து, அடுத்த ஒதுக்கீடு எப்போது திறக்கும், இப்போது பட்டியலில் சேரலாமா என்று கேளுங்கள். பத்திரம், வரி ரசீது, காப்பீட்டுத் தாள், அனைவரின் வருமானச் சான்று, ஒழுகும் இடங்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். அலுவலகத்துக்குப் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். வில்லங்கம் பதியப்போவது அவர் வீட்டின் மேல், கையெழுத்தும் அவருடையது. அவருக்கு ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.  ஆவணத்தின் ஒவ்வொரு பத்தியும் தமிழில் அவருக்கு விளங்கி, அவர் சரியென்று சொன்ன பிறகே கையெழுத்திடச் செய்யுங்கள்.