ஒரே மூலிகை இலையின் சத்து ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுமா?

மாறும். அதற்காக, "மலையில் விளைந்தது" என்று பொட்டலத்தில் அச்சடித்திருப்பதை நம்பி இரட்டை விலை கொடுத்துவிடாதீர்கள். பறித்த பிறகு அந்த இலை பட்ட பாடும் கணக்கில் சேரும்.

எனக்குப் பழக்கமான இலை நிலாவாரை. மலச்சிக்கலுக்கான மருந்து. விளாத்திகுளம் பக்கம் கரிசல் மானாவாரியில் விதைக்கிறோம். எங்கள் ஊரில் இதை அவுரி என்பார்கள். நீலச்சாயம் எடுக்கிற அவுரி வேறு. அரேபியா, சோமாலியா பக்கத்துச் செடியான இது, உலகச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்றே விலைபோகிறது. 1986 வரை நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தானே! சூடான் பக்கத்துச் சரக்குக்கு 'அலெக்சாந்திரியா சென்னா' என்று பெயர். இரண்டும் ஒரே இனம் என்பது இன்றைய தாவரவியல் கணக்கு. ஆனாலும் ஐரோப்பிய மருந்துத் தர நூல் நெடுங்காலம் இரண்டின் காய்களுக்கும் வெவ்வேறு அளவு வைத்திருந்தது. மருந்துச்சத்து அலெக்சாந்திரியா காயில் குறைந்தது 3.4 சதவீதம் இருக்க வேண்டும். நம் காயில் 2.2 இருந்தால் போதும். விதைவழியும் வேறு என்பதால் முழுப் பொறுப்பையும் வெயில்மேல் போட முடியாது.

இலைக்கு வருவோம். இளம் இலையில் சத்து கூடுதல். முற்ற முற்ற எடைக்கு எடை குறையும். அதனால் முதல் பூங்கதிரைக் கிள்ளிவிடுவோம். பக்கக் கிளை வெடித்துப் புது இலை வரும்.

பலருக்குத் தெரியாதது அடுத்த கட்டம். பச்சை இலையில் சென்னோசைடு என்னும் அந்த மருந்துப்பொருள் முழு வடிவில் இருப்பதில்லை. பறித்த இலை சுமார் 20 முதல் 50 டிகிரி வெப்பத்தில் உலரும்போது இலையிலுள்ள நொதிகள்தான் அதை உருவாக்குகின்றன. ஆக, செடி நின்ற நாட்களின் வானிலை மட்டுமல்ல, இலை காய்கிற நாட்களின் வானிலையும் முக்கியம்.

ஒரு வருடம் மாசியில் எதிர்பாராத மழை. கொட்டகை நிழலில் மெல்லிசாகப் பரப்பியிருந்த இலையை அவசரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டோம். மறுநாள் கையை விட்டால் குவியலுக்குள் சூடு. இலை கறுத்துப் புளித்த வாடை அடித்தது. வியாபாரி ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், கீழே போட்டார், அவ்வளவுதான். அதே வயலில் முந்தின வாரம் பறித்த இலையை முழு விலைக்கு எடுத்தவர் அவர்.

நீங்கள் கேட்டது உணவுச் சத்தைப் பற்றி என்றால் முருங்கையைப் பாருங்கள். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையத்தின் ஆய்வில், வெப்பமும் மழையும் சேர்ந்த பருவத்து இலையில் வைட்டமின் ஏ அதிகமாகவும், குளிர்ந்த வறண்ட பருவத்து இலையில் இரும்புச்சத்தும் வைட்டமின் சியும் அதிகமாகவும் இருந்தன. மரத்தை மாற்றாமலேயே கீரையின் கணக்கு மாறிவிடுகிறது.

நிலாவாரை வாங்கப் போனால் ஊர்ப் பெயரை விடுங்கள். இளமஞ்சள் கலந்த பச்சையாக, காம்பும் குச்சியும் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு தட்டியிருந்தால் வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் தினமும் சாப்பிடவும் வேண்டாம்.