'நம்மவர் வங்கி' பங்கை வைத்திருக்கலாமா? வாக்கை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: அப்பா வழியாக வந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிப் பங்குகள் என் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) இருக்கின்றன. உறவினர்கள் பலரும் பங்குதாரர்கள். 'எல்லாச் சமூகத்தாரும் எல்லா மாநிலத்தாரும் உள்ளே வந்தால்தான் வங்கி வளரும்' என்கிறது ஒரு தரப்பு. 'நம் மக்களின் நம்பிக்கைதான் மூலதனம், அதைக் கரைக்காதீர்கள்' என்கிறது மறு தரப்பு. இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், வங்கியின் பொதுக்கூட்டத் தீர்மானங்களுக்கு எனக்காக வாக்களித்துவிடுவதாகச் சொல்லி, கையெழுத்தும் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் கேட்கிறார். பங்கை வைத்திருப்பதா, விற்பதா?

பதில்: உறவினர் சண்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரு தரப்பும் பேசுவது பெருமையைப் பற்றி. பங்கின் மதிப்பு வேறிடத்தில் தீர்மானமாகிறது.

1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய நிறுவனம் இது. 1962-இல் இன்றைய பெயரைப் பெற்றது. கடன் கேட்டு வருபவரின் கடை, குடும்பம், நாணயம் மூன்றையும் அறிந்து கடன் கொடுப்பது இத்தகைய வங்கிகளின் பெரிய பலம். அந்த நெருக்கத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. பணம் போட்டவரும் கடன் வாங்கியவரும் ஒரே வட்டாரம், ஒரே வணிகம் என்றால், அந்த வணிகம் சரியும்போது இரு பக்கமும் சேர்ந்தே சரியும். அதேபோல், தூத்துக்குடி வணிகரை எடைபோடத் தெரிந்த மேலாளருக்கு சூரத் வணிகரை எடைபோடத் தெரியும் என்று எண்ணிவிட முடியாது. புதிய ஊரில் கிளை திறந்தால், அந்த ஊரின் மொழியும் வணிகமும் தெரிந்த பணியாளர் வேண்டும். பன்முகத்தன்மை பங்குதாரரின் பணத்தைத் தொடும் இடம் இதுதான்.

2022 செப்டம்பரில் ஒரு பங்கு 510 ரூபாய் என வங்கி பொதுப் பங்கு வெளியிட்டபோது, விளம்பரங்களை எல்லோரும் பார்த்தார்கள்; விளக்க ஆவணத்தைப் புரட்டியவர்கள் குறைவு. அப்போதிருந்த 509 கிளைகளில் 369 தமிழ்நாட்டில் இருந்தன. பங்கு மூலதனத்தில் 37.73 சதவீதம் சட்ட வழக்குகளுக்கு உட்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. நம்மவரா வெளியாளா என்ற வாதத்தைவிட இந்த இரண்டு தகவல்களும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. இவற்றின் இன்றைய நிலையைப் புதிய ஆண்டறிக்கையில் பாருங்கள். கணக்குக் குறிப்புகளில், முதல் இருபது வைப்பாளர்களிடமிருந்து வந்த பணம் எத்தனை சதவீதம், முதல் இருபது கடனாளிகளிடம் போனது எத்தனை சதவீதம் என்று இருக்கும். வாராக்கடன் விகிதமும் இருக்கும். நான்கைந்து ஆண்டு எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். வைப்பும் கடனும் கிளைகளும் பரவலாகி, வாராக்கடன் கட்டுக்குள் இருந்தால், வங்கி வளர்கிறது என்ற பேச்சு மெய்யானது.

சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, பொறுப்புணர்வு அறிக்கை தர வேண்டும். பணியாளர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மாற்றுத்திறனாளி எத்தனை என்று அதில் அட்டவணை உண்டு. பணியாளர் பேசும் மொழி, சமூகம் பற்றி அந்த அட்டவணை கேட்பதில்லை. பக்கம் பக்கமாக நிரப்பச் சொல்லிவிட்டு, உங்களைப் போன்றவர் கேட்கும் கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த அறிக்கையையும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சிறு முதலீட்டாளர்கள் பங்கு வைத்திருக்கும் வங்கி, பத்துப் பக்கச் சுருக்கத்தையாவது தமிழில் தந்தால் என்ன குறைந்துவிடும்?

இனி அந்தத் 'தெரிந்தவர்'. என்னை உண்மையில் கவலைப்பட வைப்பவர் அவர்தான். பொதுக்கூட்டம் நெருங்கும்போது இப்படிச் சிலர் வீடுவீடாக வருவார்கள். 'சமூகத்துக்காக' என்பார்கள்; எதிர்த் தரப்பின் ஆளாக இருந்தால் 'மாற்றத்துக்காக' என்பார்கள். இருவருக்கும் தேவை உங்கள் வாக்குதான். ஓடிபியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இணையத்தில் வாக்களிக்கும் மின்வாக்குத் தளத்தில் நுழையவும் ஓடிபி வருகிறது. டீமேட் கணக்கிலிருந்து பங்கை வெளியேற்ற ஒப்புதல் தரவும் அதே கைபேசிக்குத்தான் ஓடிபி வருகிறது. எதற்கு வந்த எண்ணை அவர் கேட்கிறார் என்று அவசரத்தில் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

கையெழுத்து விஷயத்தில் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. பதிலாள் படிவம் கொடுத்து, உங்களுக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரை அனுப்பலாம். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பு படிவம் நிறுவனத்தைச் சேர வேண்டும். ஒருவர் 50 பங்குதாரர்களுக்கு மேல் பதிலாளாக இருக்க முடியாது. அவர்களுடைய பங்குகள் வாக்குரிமையுள்ள மூலதனத்தில் 10 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. பதிலாளுக்குக் கூட்டத்தில் பேச உரிமையில்லை. இவையெல்லாம் நேரில் கூடும் கூட்டத்துக்கு. 2020 முதல் அரசின் சுற்றறிக்கைகளின்படி காணொலியில் நடத்தப்படும் கூட்டங்களில் பதிலாள் வசதியே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். நிறுவனங்கள் பங்குதாரராக இருந்தால் பிரதிநிதியை நியமிக்கலாம். உங்களைப் போன்ற தனிநபருக்கு அது பொருந்தாது. ஆகவே காணொலிக் கூட்டத்துக்குப் பதிலாள் படிவம் என்று ஒருவர் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளால் உங்கள் வாக்கு எங்கும் போகப்போவதில்லை. பிறகு அது எதற்காக என்று அவரையே கேளுங்கள். முதலில் கூட்ட அறிவிப்பை எடுத்து, கூட்டம் நேரிலா காணொலியிலா என்று பாருங்கள்.

வாக்கை நீங்களே போடுங்கள். வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளை உடனிருந்தால் பத்து நிமிட வேலை. கூட்டத்துக்கு முன்பே வீட்டிலிருந்து போடும் தொலைநிலை மின்வாக்கு குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு முடிந்துவிடும். போட்ட வாக்கை மாற்ற முடியாது. இயக்குநர் நியமனத் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். வங்கி இயக்குநர்களில் 51 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்குக் கணக்கியல், வேளாண்மை, வங்கியியல், சட்டம் போன்ற துறைகளில் தேர்ச்சி வேண்டும் என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். முன்மொழியப்படுபவரின் குறிப்பு அறிவிப்பின் இணைப்பில் இருக்கும். அவர் எந்த ஊர், யாருடைய சொந்தம் என்று உறவினர்கள் பேசட்டும். அவருக்கு வங்கித் தொழில் தெரியுமா என்று நீங்கள் பாருங்கள்.

ஏற்கெனவே எதிலாவது கையெழுத்திட்டிருந்தால், அதை ரத்து செய்வதாக வங்கியின் நிறுவனச் செயலாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, டீமேட் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.