கேளுங்கள், சொல்கிறேன்: முதலில் ஈ, அப்புறம் தவளை

கே: மகனுக்கு 12 வயது. பிறந்தநாளுக்கு டார்ட் தவளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நஞ்சுத் தவளை என்கிறார்கள். வீட்டில் சின்னவளும் இருக்கிறாள். வாங்கலாமா ஐயா?
- ஒரு வாசகி, ஸ்காபரோ

நஞ்சுக்குப் பயப்படாதீர்கள் அம்மா. காட்டில் தின்கிற எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்துதான் அந்த நஞ்சு தோலில் சேர்கிறது. கொலம்பியாவின் எம்பெரா மக்கள் அம்புமுனையைத் தேய்த்தெடுத்த பொன்னிறத் தவளைகூட, கண்ணாடிப் பெட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்தால் நஞ்சில்லாததுதான். ஆனாலும் கையில் எடுக்க விடாதீர்கள். நம் கையிலுள்ள சோப்பும் கிரீமும் அதன் தோலுக்கு ஆகாது.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: மகன் ஈ வளர்ப்பானா? இந்தத் தவளை செத்த இரையைத் தொடாது. பறக்க முடியாத பழ ஈக்களைத்தான் கொடுக்கவேண்டும். புட்டியில் உருளைக்கிழங்குத் தூள், வினிகர், கொஞ்சம் ஈஸ்ட் கலந்து ஈக்களை விட்டால், இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை வரும். வாரம் ஒரு புதுப்புட்டி தொடங்கவேண்டும். மறந்தால் பட்டினி. ஒரு மாதம் தாண்டிய புட்டியில் சிற்றுண்ணி பிடித்துவிடும், கட்டித் தூக்கிப் போடுங்கள். பறக்காத ஈதான், ஆனால் நன்றாக நடக்கும். புட்டிகள் பேஸ்மென்டிலேயே இருக்கட்டும்.

கொடுக்கும்போது கோப்பையில் ஈக்களைத் தட்டி, கால்சியம், விட்டமின் பொடியைப் போட்டு ஒரு சுழற்று. திருநீறு பூசியதுபோல் வெளியே வரும். தவளை கழுத்தை நீட்டிக் குனியும், பின்னங்கால் நடுவிரல் தாளம் போடுகிற மாதிரி படபடவென்று அடிக்கும், அடுத்த நொடி ஈயைக் காணோம். இதைப் பார்க்கத்தான் நாங்களெல்லாம் இந்த ஈப் பிழைப்பைச் சகித்துக்கொள்கிறோம்.

அதனால் பிறந்தநாளுக்கு ஈப்புட்டி வாங்கிக் கொடுங்கள். இரண்டு மாதம் விடாமல் ஓட்டினால் தவளை. கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட லியூகோமெலாஸ் என்ற டார்ட் தவளை இனம் நல்ல தொடக்கம். வெனிசுவேலாப் பக்கத்தது, கூட்டமாக இருக்கும், அவ்வளவாக ஒளியாது. பெட்டியில் பிறந்த குட்டியா என்று கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து பிடித்தது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, இவை பத்து வருடத்துக்கு மேல் வாழும். மகன் பல்கலைக்கழகம் போனபிறகு ஈ வளர்க்கப்போவது நீங்கள்தான்.

கே: குழாய்த் தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்துவிட்டுத் தவளைப் பெட்டிக்குள் தெளிக்கிறேன். போதாதா?
- ஒரு வாசகர், நோர்த் யோர்க்

போதாது தம்பி. வைத்திருந்தால் போவது குளோரின். ரொறன்ரோ தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன், அது லேசில் போகாது. தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. குளோரமைனை முறிக்கும் என்று போத்தலில் எழுதியிருக்கிற மீன்தொட்டி மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். தெளிக்க மட்டும் ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்தினால் கண்ணாடியில் வெள்ளைக் கறையும் படியாது.

கே: வின்டரில் வீடு 21 பாகைதான். ஹீட்டர் வைக்கவா?
- ஒரு வாசகி, மார்க்கம்

வேண்டாம். விளக்குச் சூட்டிலேயே பெட்டி 23, 24 வந்துவிடும். வின்டரில் தொல்லை வறட்சி. வலை மூடியில் முக்கால் பாகத்தைக் கண்ணாடியால் மறையுங்கள். காலை மாலை தெளித்து, காய்ந்த இலைச் சருகைத் தடிப்பாகப் பரப்பி வையுங்கள். ஜூலையில்தான் கவனம் வேண்டும். வெயில் விழும் ஜன்னலோரத்தில் மூடிய கண்ணாடிப் பெட்டி அடுப்புதான்.

கே: சென்னையில் இருக்கும் தங்கைக்கு இரண்டு கொண்டுபோகலாமா?
- அதே வாசகி

கூடாது. 1987 முதல் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கும் இனங்கள், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும், 30 பாகைக்கு மேல் இவை தாங்காது. மே மாதத்தில் கரண்ட் போய் ஏசி நின்றால் ஒரு மத்தியானம் போதும்.