கடன் வாங்கி இன்ஜினைக் கட்டுவதா, பழைய இன்ஜின் வாங்கிப் போடுவதா?

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கி, லீவு நாட்களில் நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடியில் தட்டுகிற சத்தம், பின்னால் நீலப் புகை. அதே மாடல் பழைய இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மச்சானுக்குப் பட்டறை வேலை தெரியும். "எவனோ ஓட்டித் தேய்ச்சத எதுக்கு வாங்கணும், நம்ம இன்ஜினையே ஸ்ட்ராங்கா கட்டிடலாம், அப்புறம் டர்போ போடலாம்" என்கிறார். அவர் சொல்லி ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அழுத்தி அடித்துச் செய்த வலுவான ரகம்), கனெக்டிங் ராட், பேரிங் செட், கேம்ஷாஃப்ட் எல்லாம் வட்டியில்லாத் தவணையில் வாங்கிவிட்டேன். எல்லாமே ஸ்டாண்டர்டு சைஸ், அதாவது தேயாத புது இன்ஜினுக்கான அளவு. இன்ஜினை இன்னும் இறக்கவில்லை. மீதி வேலைக்கு 18 சதவீத வட்டியில் 3 வருடக் கடன் கிடைக்கிறது. மனைவி வேண்டாம் என்கிறார். எது சரி? தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: தொகைகளைச் சொல்லாமலே கணக்குப் போடலாம். நீங்கள் விசாரித்த பழைய இன்ஜினின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில், இருக்கும் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்துக் கட்ட மைத்துனர் சொன்ன மீதிச் செலவு 250. ஏற்கெனவே வாங்கிய பாகங்கள் 60. நீங்கள் எடுக்க நினைக்கும் கடன் 300. கையில் இருக்கும் சேமிப்பு 180. அதில் 60 வீட்டு அவசரத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் மிஞ்சுவது 14, அதில் 6 இப்போதே தவணைக்குப் போகிறது.

கட்டுவதா வாங்குவதா என்பதைவிட என்னை உறுத்துவது வேறு. இன்ஜின் காரிலேயே இருக்கிறது, ஒரு சிலிண்டரைக்கூட அளந்து பார்க்கவில்லை, ஆனால் பிஸ்டன் அலமாரியில் இருக்கிறது. அளவு எடுப்பதற்கு முன்னால் தவணையில் பாகம் வாங்கும் இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். கடனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதிய அறிகுறிகளே அந்தப் பாகங்களுக்கு எதிராகத்தான் இருக்கின்றன. ஆயில் எரிந்து நீலப் புகை வருகிறது. வால்வு சீல் மட்டும் போயிருந்தாலும் அப்படி வரும். ஆனால் சிலிண்டரும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் தேய்ந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, மேல் ரிங் திரும்பும் இடத்தில், விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். படி போல ஒரு விளிம்பு நகத்தில் தட்டினால் அந்தச் சிலிண்டர் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு 6 அளவு, நாலுக்கும் சேர்த்து 24. இந்த 24 எண்களை மேனுவலில் உள்ள வரம்போடு ஒப்பிட்டால்தான் ஹோனிங் (உட்சுவரை லேசாகத் தேய்ப்பது) போதுமா, போரிங் (கடைந்து பெரிதாக்குவது) போட வேண்டுமா என்று தெரியும். போரிங் என்றால் 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க வேண்டும். உங்களிடம் இருக்கும் ஸ்டாண்டர்டு பிஸ்டன் அந்தச் சிலிண்டருக்குள் ஆடும், தட்டும், மறுபடி புகை விடும். அதே பிஸ்டனைத்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தால் நாலு சிலிண்டருக்கும் உள்ளே ஸ்லீவ் என்கிற புதுக் குழாய் அடிக்க வேண்டும்; மைத்துனர் சொன்ன 250-இல் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பேரிங்கும் இதே கதைதான். லோடு கொடுக்கும்போது அடியில் தட்டினால் முதல் சந்தேகம் கனெக்டிங் ராட் பேரிங் மேல். பேரிங் போய் ஓட்டிய இன்ஜினில் கிராங்க் ஜர்னலில், அதாவது பேரிங் உட்காரும் தண்டுப் பகுதியில், கோடு விழுந்திருக்கும். கிரைண்டிங் போட்டு அதைச் சிறிதாக்கினால் 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் வேண்டும், நீங்கள் வாங்கிய ஸ்டாண்டர்டு செட் உதவாது. பாலிஷ் மட்டும் போதும் என்றால் உங்கள் அதிர்ஷ்டம். அதையும் மைக்ரோமீட்டர்தான் சொல்ல வேண்டும்.

சரியான வரிசை இதுதான்: இன்ஜினை இறக்கிப் பிரித்து, பிளாக்கைக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அளவு எடுத்து, லேத் பட்டறைக்காரர் எழுதித் தரும் சைஸ் சீட்டை வைத்துப் பிஸ்டன் வாங்குவது. அந்தப் பிஸ்டனையும் பட்டறையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுத்தான் கடைசி ஹோனிங் போடுவார்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரியும் ரகம் என்றால், சாதாரணப் பிஸ்டனைவிட அதிக இடைவெளி வேண்டும். இதில் எந்தப் படியிலும் முன்கூட்டியே தவணை போட இடமில்லை.

'வட்டியில்லாத் தவணை' என்ற பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும் பாகத்தை 6 மாதத் தவணையில் முழு விலைக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முழு விலை 20 என்றால், ரொக்கத்தில் 18-க்குக் கிடைக்க வேண்டியதற்கு மாதம் மூன்றே சொச்சமாக 20 கட்டுகிறீர்கள். கடன் வாங்கிய தொகை 18, வட்டி 2. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், இது மாதம் சுமார் 3 சதவீத வட்டி, வருடத்துக்கு 36. நீங்கள் பயப்படும் கடனைப் போல இரண்டு மடங்கு. செயல்பாட்டுக் கட்டணம் என்று தனியாகப் பிடித்தால் இன்னும் ஏறும். போதாததற்கு, இன்ஜினை இறக்கி அளந்து பார்ப்பதற்குள் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிடும்.

இனி அந்தக் கடனுக்கு வருகிறேன். 300-ஐ 18 சதவீதத்தில் 36 மாதம் கட்டினால் தவணை மாதம் கிட்டத்தட்ட 11. மொத்தம் கட்டுவது சுமார் 390. வட்டி மட்டும் 90. ஒரு பழைய இன்ஜினின் விலை கிட்டத்தட்ட அதில் போய்விடுகிறது. உங்கள் மாத மிச்சம் 14-இல் பழைய தவணை 6, புதிய தவணை 11 என்றால் மாதாமாதம் 3 குறைகிறது. அந்த 3-ஐச் சேமிப்பிலிருந்துதான் எடுப்பீர்கள். உங்கள் மனைவி மறுப்பதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான காரணம்.

அதோடு 250 என்பது பிரித்துப் பார்க்காத இன்ஜினுக்குச் சொன்ன தொகை. வால்வு கைடு, சீட், ஹெட் ஃபேஸிங், ஆயில் பம்ப், ஒரு முறை இழுத்தால் மறுபடி போடக்கூடாத ஹெட் போல்ட் என்று சேரும்போது கால் பங்கு கூடுவது சர்வ சாதாரணம். 250 என்றது 310 ஆகும்; கடன் 300-ஐயும் தாண்டுகிறது. டர்போ இதில் சேரவே இல்லை. டர்போ போட்டால் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் டியூனிங், ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். கடனில் ஓடும் வீட்டில் இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

என் முடிவு: பழைய இன்ஜின், ரொக்கத்துக்கு. இன்ஜின் 100. ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் 30. ஆயில், கூலண்ட், ஹோஸ், சில்லறை 15. மொத்தம் 145. சேமிப்பில் தொடக்கூடிய 120 போக 25 பற்றாக்குறை. மாதம் மிஞ்சும் 8-ஐச் சேர்த்தால் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அந்த மூன்று மாதமும் நல்ல இன்ஜினைத் தேடுவதற்கே வேண்டும், அவசரப்பட்டு வாங்குவதுதான் இதில் முதல் ஆபத்து.

எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவர் சொல்வதை வைத்து விலை பேசாதீர்கள். சோதித்துப் பாருங்கள். இன்ஜின் இன்னும் காரில் இருந்தால் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்தபின் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் பத்து விநாடியில் வரும் புகையும் சத்தமும் முக்கியம். பிறகு நன்றாகச் சூடாக்கி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் கரண்டும் போகாமல் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, நல்ல பேட்டரியில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் எடுங்கள். மேனுவல் சொல்லும் அளவுக்குக் குறையாமல், நாலும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தப் பிளக் துவாரத்தில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இறக்கி வைத்த இன்ஜின் என்றால் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகிப் பிடித்தால் வேண்டாம். ஸ்டார்ட்டர் மாட்ட வழியில்லை என்றால் லீக்-டவுன் (காற்றுக் கசிவு) சோதனை செய்யலாம். பிஸ்டனை கம்ப்ரஷனின் உச்சியில் நிறுத்திக் காற்றை ஏற்றினால், கசியும் சத்தமே இடத்தைக் காட்டும். சைலன்ஸர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் தைரியமாக வாங்கலாம், 20-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். ஆயிலைக் கொஞ்சம் வடித்து வெயிலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் உதிர்கிறது. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் எண் பொறித்த இடம் சுரண்டியிருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள். எண்ணைப் பதிவில் மாற்றும் நடைமுறையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர், வயரிங், சென்சார், ஆல்டர்னேட்டர், ஃபிளைவீல் எதெல்லாம் இன்ஜினோடு வருகிறது என்று எழுதி வாங்குங்கள். ஒரே இன்ஜினிலேயே வருடத்துக்கு வருடம் சென்சார் மாறும். உத்தரவாதம் தந்தால் அது வாங்கிய நாளிலிருந்தா, காரில் மாட்டிய நாளிலிருந்தா என்று கேளுங்கள். பெரும்பாலும் இன்ஜினை மாற்றித் தருவார்கள், இறக்கி ஏற்றும் கூலி உங்களுடையது.

மேலே போட்ட 30-ஐ மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் சின்னப் பொருள். காரில் ஏற்றிய பிறகு அது ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். டைமிங் பெல்ட் எத்தனை வருடம் பழையது என்று யாருக்கும் தெரியாது. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து மொத்தமும் போகும். எல்லாம் இன்ஜின் தரையில் இருக்கும்போதே முடிய வேண்டிய வேலை.

உங்கள் பழைய இன்ஜினை விற்க வேண்டாம். சிலிண்டரில் ஆயில் விட்டு, துவாரங்களை அடைத்து, மூடி வையுங்கள். பழைய தவணைகள் முடிந்ததும், அவசரப் பணத்தைத் தொடாமல், மாதம் மிஞ்சும் 14-இலிருந்து மெதுவாகப் பிரித்து அளக்கலாம். ஆயிலை எரித்துக்கொண்டிருந்த இன்ஜினைக் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அசல் எண்ணுள்ள பிளாக் இருந்தால்தான் மதிப்பு என்கிற அபூர்வக் கார் என்றாலோ, கிடைக்கிற பழைய இன்ஜின் எல்லாமே ஒரே நோய் உள்ளவை என்றாலோ, கட்டுவதுதான் சரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கார் அந்த வகை இல்லை.

மைத்துனரோடு சண்டை வேண்டாம். கைவேலை தெரிந்தவர், சோதனைக்கு அவரையே கூட்டிப்போங்கள். கம்ப்ரஷன் கேஜ் அவர் கையில் இருப்பது உங்களுக்கு லாபம். ஆனால் சைஸ் சீட்டு இல்லாமல் அவர் கேட்கும் எந்தப் பாகத்துக்கும் உங்கள் கார்டு வெளியே வரக்கூடாது. இந்த வாரமே பில்களை எடுத்து, எதற்கெல்லாம் திருப்பிக் கொடுக்கும் கெடு பாக்கி என்று பாருங்கள். கெடு உள்ளதைத் திருப்புங்கள். கெடு முடிந்தது பிஸ்டனும் பேரிங்கும் என்றால் பெட்டியைப் பிரிக்காமல் விற்றுவிடுங்கள், பத்தில் ஏழு பங்கு கிடைத்தாலும் சரி. வந்த பணத்தில், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லாத தவணையை முதலில் முடியுங்கள்.