26 வாரப் பணம் தீர்ந்தது; ‘நீட்டிப்பு’ கிடைக்குமா?

கேள்வி: கலிபோர்னியா, ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. டிசம்பரில் லே-ஆஃப் ஆனேன். ஜனவரி முதல் வாரம் இ.டி.டி.-யில் (மாநில வேலைவாய்ப்புத் துறை) வேலையின்மைக் காப்பீட்டுக்குக் கிளெய்ம் போட்டு, வாரம் 450 டாலர் வாங்கினேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை, வேறு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஸ்டாஃபிங் கம்பெனியில் டபிள்யூ-2 முறையில் (சம்பள ஊழியராக) வேலை. அது முடிந்ததும் பழைய கிளெய்மைத் திறந்து மீண்டும் வாங்கினேன். அக்டோபர் தொடக்கத்தில் பேலன்ஸ் பூஜ்யம். 200 டாலர் கொடுத்தால் ‘எக்ஸ்டென்ஷன்’ வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இந்தப் பணம் வாங்கியதால் பிறகு குடியுரிமைக்குச் சிக்கல் வருமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லும் திட்டம் இப்போது கலிபோர்னியாவில் நடைமுறையிலேயே இல்லை. நடைமுறையில் இருந்தாலும் அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் அடுத்து கேட்பது உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இ.டி.டி. கணக்கின் பாஸ்வேர்டும்தான். 200 டாலர் போவதைவிட அது பெரிய நஷ்டம்.

நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) என்பது, வழக்கமான வாரங்கள் தீர்ந்தபின் கூடுதல் வாரங்கள் தர 1970-ஆம் ஆண்டின் மத்திய-மாநிலச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. தனி ஆளின் கஷ்டத்தைப் பார்த்து அது தரப்படுவதில்லை. மாநிலம் முழுவதும் வேலையிழப்பு ஓர் அளவைத் தாண்டும்போது தானாகவே திறக்கும். காப்பீடு உள்ள ஊழியர்களில் பணம் வாங்குவோரின் விகிதம் 13 வாரச் சராசரியில் குறைந்தது 5 சதவீதமாக இருக்க வேண்டும். அதோடு முந்தைய இரண்டு ஆண்டுகளின் இதே காலத்துச் சராசரியில் 120 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். மாநிலங்கள் விரும்பினால் வேறு அளவுகோல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். திறந்தால் கிடைப்பது 13 வாரமோ, வழக்கமான மொத்தத் தொகையில் பாதியோ, எது குறைவோ அது. கொரோனா காலத்தில் திறந்தது, கலிபோர்னியாவில் 2021 செப்டம்பர் 11-ஓடு மூடப்பட்டது. அப்போது கூடுதல் வாரங்கள் தந்த பெருந்தொற்றுத் திட்டங்களும் அதே மாதம் முடிந்துவிட்டன. “என் மச்சான் ஒன்றரை வருஷம் வாங்கினானே” என்று யாராவது சொன்னால், அது அந்தக் காலத்துக் கதை.

ஆனால் உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அந்த 200 டாலர்காரர் அதைச் சொல்லவில்லை.

உங்கள் கிளெய்மில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று மொத்தத் தொகை: 26 பெருக்கல் 450, அதாவது 11,700 டாலர். மற்றது பெனிஃபிட் இயர்: கிளெய்ம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓராண்டு. தீர்ந்தது முதலாவது மட்டும்தான். இரண்டாவது வரும் ஜனவரி வரை ஓடும். அது முடிந்த பிறகே புதிய கிளெய்ம் பிறக்கும். அதற்கு முன் போட்டால் தீர்ந்துபோன பழைய கிளெய்மிலேயே போய் நிற்கும்.

புதிய கிளெய்முக்கு ஒரு தடை உண்டு. பழைய பெனிஃபிட் இயருக்குள் நீங்கள் உண்மையிலேயே வேலை செய்து, போதிய சம்பளம் ஈட்டியிருக்க வேண்டும். ஒரே காலாண்டில் 1,300 டாலர் வந்திருந்தால் போதும். ஏப்ரல்-ஜூன் வேலை உங்களை இங்கே காப்பாற்றுகிறது. அதே வேலையை 1099-இல் சுயதொழில்காரராகச் செய்திருந்தால், அந்த வருமானம் சம்பளமாக இ.டி.டி. பதிவில் ஏறியிருக்காது, இந்தக் கதவும் திறந்திருக்காது. கான்ட்ராக்ட் எடுக்கும் நம்மவர்கள் மணிக்குப் பத்து டாலர் கூடுதல் என்று 1099-க்கு ஒப்புக்கொள்ளும்போது இதை யோசிப்பதில்லை.

இனித் தேதிதான் முக்கியம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் போடும் கிளெய்முக்கு, கடந்த செப்டம்பர் 30-இல் முடிந்த 12 மாதச் சம்பளமே அடிப்படை. அதில் நீங்கள் லே-ஆஃப் ஆன அக்டோபர்-டிசம்பர் காலாண்டு விழுகிறது. போன கிளெய்மில் அந்தக் காலாண்டு கணக்கில் வரவில்லை, எனவே அது தொடப்படாமல் இருக்கிறது. முழுச் சம்பளக் காலாண்டு என்பதால் வாராந்திரத் தொகை மறுபடி 450 ஆகவே வர வாய்ப்பு அதிகம். மொத்தத் தொகையோ, வாரத் தொகையின் 26 மடங்கையும் அந்த 12 மாதச் சம்பளத்தில் பாதியையும் ஒப்பிட்டு, எது குறைவோ அது. 12 மாதத்தில் 23,400 டாலருக்கு மேல் இருந்தால் முழு 11,700 கிடைக்கும். ஏப்ரல் வரை தள்ளிப்போட்டீர்கள் என்றால் அந்த அக்டோபர்-டிசம்பர் காலாண்டு கணக்கிலிருந்து விழுந்துவிடும். மிஞ்சுவது ஸ்டாஃபிங் கம்பெனியின் மூன்று மாதச் சம்பளமும் அதன் பிறகு சம்பாதித்தது ஏதாவது இருந்தால் அதுவும்தான். மொத்தத் தொகை பாதியாகக்கூடச் சுருங்கலாம்.

ஆகவே இ.டி.டி. கணக்கில் காட்டும் பெனிஃபிட் இயர் முடிவுத் தேதி கடந்ததும், அடுத்த வாரத்துக்குள்ளேயே புதிய விண்ணப்பத்தைப் போடுங்கள். கிளெய்ம் நீங்கள் போடும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கும். தாமதித்த வாரங்களைப் பின்தேதியிட்டுக் கேட்கத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், மறந்துவிட்டேன் என்பது செல்லாது. முதல் வாரம் காத்திருப்பு வாரம், பணம் வராது. கடைசி முதலாளி யார் என்ற கேள்விக்கு ஸ்டாஃபிங் கம்பெனியின் பெயரைக் கொடுங்கள். வேலை நடந்த கம்பெனியின் பெயரைப் போட்டால் விசாரணைக்குப் போய் வாரக்கணக்கில் நிற்கும். இடையில் வேறு டபிள்யூ-2 வேலை கிடைத்தால் கடைசி முதலாளி அவர்தான்.

விண்ணப்பித்தபின் வரும் தொகை அறிவிப்பில் காலாண்டு வாரியாகச் சம்பளம் இருக்கும். அக்டோபர்-டிசம்பர் கட்டத்தை உங்கள் பே ஸ்டப்போடு (சம்பளச் சீட்டு) ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் மறுகணக்கு கேளுங்கள். தகுதி இல்லை என்று கடிதம் வந்தால், அதில் உள்ள தபால் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. தொலைபேசியில் புகார் சொன்னது மேல்முறையீடு ஆகாது.

பயிற்சிக் காலத்தில் கூடுதல் வாரங்கள் தரும் ஏற்பாடு ஒன்றும் கலிபோர்னியாவில் உண்டு. ஆனால் 16-ஆம் வாரப் பணம் பெறுவதற்குள் கேட்டிருக்க வேண்டும். பழைய கிளெய்மில் அந்த வாய்ப்பு போய்விட்டது. ஜனவரிக் கிளெய்மில் படிப்பு எண்ணம் இருந்தால் முதல் மாதமே கேளுங்கள், அதுவும் இ.டி.டி. ஏற்கும் பயிற்சியாக இருக்க வேண்டும்.

குடியுரிமை விஷயம். இது முதலாளி கட்டிய வரியிலிருந்து வரும் காப்பீடு. தகுதியோடு வாங்கியது குடியுரிமைக்குக் குறுக்கே நிற்காது. குறுக்கே நிற்பது பொய். வேலை செய்த வாரத்தை மறைத்தால், வாங்கிய பணத்தோடு 30 சதவீத அபராதம், 23 வாரம் வரை தகுதியிழப்பு, போதாக்குறைக்கு நன்னடத்தைக் கேள்வியும் வரும். நான் அதிகம் பார்ப்பது வேறொன்று: அம்மாவைப் பார்க்க மூன்று வாரம் ஊருக்குப் போய், மதுரையில் இருந்தபடியே “வேலைக்குத் தயாராக இருந்தேன்” என்று டிக் அடிப்பது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்த வாரங்களுக்குப் பணம் கேட்கக் கூடாது. பொங்கலுக்குப் பயணம் இருந்தால் அந்த வாரங்களை உள்ளபடி எழுதுங்கள். அந்தப் பணம் கணக்கிலேயே மிஞ்சி நிற்கும், பெனிஃபிட் இயருக்குள் பிறகு வாங்கலாம்.

வாங்கிய தொகைக்குக் கலிபோர்னியா வரி இல்லை, மத்திய வரி உண்டு. 10 சதவீதம் பிடிக்கச் சொல்லாதிருந்தால், ஏப்ரலுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.