பேனா இருந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,
போன வருடம் குளவி கொட்டி என் கணவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தார். அலர்ஜி டாக்டர் இம்யூனோதெரபி (குளவி விஷத்தையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சை) எடுக்கச் சொல்கிறார். "அதான் அட்ரினலின் பேனா இருக்கே" என்று, அவசரத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் ஊசியைக் காட்டி இவர் தட்டிக்கழிக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
மாலதி

அன்புள்ள மாலதி,
தட்டிக்கழிக்கிறார் என்கிறீர்கள். ஏன் வேண்டாம் என்று அவரை உட்காரவைத்துக் கேட்டீர்களா? தன்னைச் சாய்த்த அதே விஷத்தை ஊசியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னால் யாருக்கும் வயிறு கலங்கும். அந்தப் பயத்தைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமாக ஒரு மைக்ரோகிராமில் சிறு பங்கில்தான் தொடங்குவார்கள். படிப்படியாக ஏற்றி 100 மைக்ரோகிராமில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருக்கவேண்டும். உடம்புக்கு ஏதாவது செய்தால் கைக்கெட்டும் தூரத்தில் டாக்டர் இருப்பார். குளவி கொட்டும் இடத்தில் யார் இருப்பார்?

அலைச்சல் ஆரம்பத்தில்தான். பிறகு மாதம் ஒரு ஊசி, அதுவும் போகப்போக இடைவெளி கூடும். மொத்தம் 3 முதல் 5 வருடம்.

பேனா விஷயத்துக்கு வருகிறேன். பலர் இதை நம்பித்தான் சிகிச்சையே வேண்டாம் என்கிறார்கள். பேனா அலர்ஜியைத் துளியும் குறைக்காது. அடுத்த குளவிக்கும் அதே உடம்புதான். பேனா கையோடு இருக்கவேண்டும், காலாவதி ஆகியிருக்கக்கூடாது, வெயிலில் நின்ற காரில் கிடந்திருக்கக்கூடாது. மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கம் அழுத்தி, சில விநாடி அப்படியே பிடிக்கவேண்டும். ரத்த அழுத்தம் இறங்கி மயங்குகிறவர் இதையெல்லாம் தானே செய்துகொள்வாரா? நீங்கள்தான் போடவேண்டும். பயிற்சிப் பேனாவை ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அவரைக் குறை சொல்லாதீர்கள், முதலில் அதைப் பழகுங்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்று அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பதுதான் ஆபத்து. பேனா போட்டபிறகும் ஆஸ்பத்திரி போகத்தான் வேண்டும். மருந்தின் வேகம் அடங்கியதும் ரியாக்‌ஷன் திரும்பலாம்.

இன்னொன்று. அடுத்தமுறை கொட்டி ஒன்றும் ஆகாவிட்டால் குணமாகிவிட்டது என்பார். நம்பாதீர்கள். அலர்ஜி உள்ளவருக்கு எல்லாக் கொட்டும் ஒரேமாதிரி இருக்காது. முறையாக ஊசி எடுத்தவர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் குளவி கொட்டினாலும் பெரிய ரியாக்‌ஷன் வருவதில்லை. தேனீ என்றால் பலன் சற்றுக் குறைவு.

மயக்கம் வரை போனதால் ரத்தத்தில் டிரிப்டேஸ் (அலர்ஜி செல்கள் வெளிவிடும் ஒரு புரதம்) அளவு பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது கூடுதலாக இருந்தால் ஊசியை 5 வருடத்துக்கு மேலும் தொடரச் சொல்லக்கூடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதன் பெயரையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.