ஒளிர்சாய ஆய்வில் பி.எச்.டி.: மகள் சேருமுன் கேட்க வேண்டியவை

நீண்ட நேரம் ஒளிரும் சாயங்களைக் கொண்டு பயோபாலிமர் (புரோட்டீன் போன்ற நீண்ட மூலக்கூறு) சங்கிலியின் அசைவை அளக்கும் ஆய்வில் மகள் சேரப் போகிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. கருவியை அவளே கையாண்டு, தவறான அளவீட்டை அடையாளம் காணப் பழகினால் வேலை உண்டு.

ஆய்வு இதுதான்: பெப்டைடு என்ற சிறு புரோட்டீன் சங்கிலியின் ஒரு முனையில் டி.பி.ஓ. என்ற சாயம், மறுமுனையில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். இரண்டும் தொட்டால் ஒளிர்வு அணையும். ஃப்ளூரசீன் என்ற வழக்கமான சாயத்தின் ஆயுள், அதாவது ஒளிர்வு நீடிக்கும் நேரம், 4 நானோநொடிதான்; அதற்குள் முனைகள் சந்திப்பது அபூர்வம். டி.பி.ஓ. தண்ணீரில் ஏறக்குறைய 300 நானோநொடி தாங்கும். டிரிப்டோஃபேன் சேர்ந்ததும் ஆயுள் 75 நானோநொடியாகக் குறைந்தால், 1/75-லிருந்து 1/300-ஐக் கழிக்க வேண்டும். முனைகள் சந்திக்கும் வேகம் நொடிக்கு 1 கோடி என்று கிடைக்கும்.

கணக்கு எளிது, சறுக்கல் வேறிடத்தில். டி.பி.ஓ. ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். சிக்னல் போதவில்லையென்று கரைசலின் அடர்த்தியைக் கூட்டுவார்கள். உடனே ஒரு சங்கிலியின் சாயம் பக்கத்துச் சங்கிலியின் டிரிப்டோஃபேனிலும் மோதி அணையும். அதையும் சங்கிலியின் சொந்த அசைவென்று எழுதிவிடுவார்கள். அடர்த்தியைப் பாதியாக்கி மறுபடி அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆயுள் மாறினால் அந்தத் தரவு உதவாது.

பைரீன் சாயமென்றால் ஒளிர்வை அணைக்கும் ஆக்சிஜனின் தொல்லை அதிகம். அதை வெளியேற்ற நைட்ரஜனை உள்ளே குமிழியிட்டால் புரோட்டீன் நுரைத்துக் கெடும். மேற்பரப்பில் மெல்ல ஓட விட வேண்டும்.

ஆய்வகத்தில் முதலில் லேசரைப் பற்றிக் கேட்கட்டும். 80 மெகாஹெர்ட்ஸ் லேசர் 12.5 நானோநொடிக்கு ஒருமுறை துடிக்கும். முந்தைய ஒளிர்வு அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். 500 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைக்க வழி வேண்டும். துடிப்புகளில் நூற்றுக்கு ஒன்றில் மட்டும் ஃபோட்டான் (ஒளித்துகள்) பதிவாகும்படி வைத்தால் நொடிக்கு 5,000 எண்ணிக்கைதான் வரும். பொதுக் கருவியில் ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்குகிற இடத்தில் இதற்கெல்லாம் பொறுமை இருக்காது.

இந்தப் பயிற்சி உயிரி மருந்து நிறுவனங்களின் ஃபார்முலேஷன் (மருந்தைக் கெடாத வடிவில் தயாரிக்கும்) பிரிவிலும், யூரோப்பியம் சாயம் கொண்ட பரிசோதனைக் கிட் தயாரிப்பிலும், ஸ்பெக்ட்ரோமீட்டர் நிறுவனங்களின் அப்ளிகேஷன் பணியிலும் கைகொடுக்கும். பைத்தானில் வளைவுப் பொருத்தம் எழுதத் தெரிந்தால் தரவுப் பணிக்கும் போகலாம்.

அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடம் ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “டீகே தரவை (ஒளிர்வு மங்கும் வளைவை) நீங்களே ஃபிட் செய்தீர்களா, வேறு யாராவது செய்து கொடுத்தார்களா?”